ராலி கார் மலைப்பாதையில் ஏன் தனியாகத் தெரிகிறது: ஏற்காடு வளைவுகளை வைத்து ஒரு விளக்கம்

சேலம் அஸ்தம்பட்டியில் கிளம்பி, கோரிமேடு தாண்டி, அடிவாரத்தைக் கடந்தால் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிவிடும். மொத்தம் 20. அவற்றை ஏறி இறங்கி முடிப்பதற்குள் ஒரு காரின் குணம் முழுக்க வெளியே வந்துவிடும். விளம்பரத்தில் எத்தனை குதிரைத்திறன் போட்டிருக்கிறார்கள் என்பது இங்கே பெரிதாக எடுபடாது.

ஒரு வளைவை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். சிறிய டர்போ பெட்ரோல் கார், நான்கு பேர், பின்னால் பைகள். வளைவுக்குள் வரும்போது வேகம் மணிக்கு 20 கி.மீ. அளவுக்கு இறங்கியிருக்கும். இரண்டாவது கியர் என்றால் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 1,500 சுற்றில்தான் இருக்கும். எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போ இன்னும் விழிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, வண்டி திணறும். பிறகு திடீரென்று இழுக்கும். அப்போது ஸ்டியரிங் இன்னும் திரும்பிய நிலையிலேயே இருப்பதால், உட்புற முன்சக்கரம் ஓரத்து மண்ணில் கிரீச்சென்று சுழலும். ஏறும்போது இது. இறங்கும்போது கதை வேறு: பாதி மலை வருவதற்குள் பிரேக் பேட் கருகும் வாசனை ஜன்னல் வழியாக வரும்.

டர்போ தாமதம், உட்சக்கரச் சுழற்சி, பிரேக் சூடு. ராலி பொறியாளர்கள் ஐம்பது வருடமாக மல்லுக்கட்டுவது பெரும்பாலும் இந்த மூன்றோடுதான். வட்டப் பந்தயத் தளத்தில் ஓடும் காருக்கு இவை இவ்வளவு பெரிய தலைவலி இல்லை. அங்கே வளைவுகள் அகலம், தரை சுத்தம், ஒரே பாதையைத் திரும்பத் திரும்பச் சுற்றலாம். ராலியின் களமோ கிட்டத்தட்ட ஏற்காட்டுச் சாலைதான்: குறுகல், மண், ஈரம், பள்ளம், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாத திருப்பம். அதனால்தான் ராலியிலிருந்து பிறந்த சாலைக் கார்கள், குதிரைத்திறன் அதிகமுள்ள பல கார்களைவிட இப்படிப்பட்ட பாதையில் நன்றாக ஓடுகின்றன.

நம்பர் பிளேட் இருக்கும் பந்தயக் கார்

ராலி என்பது எல்லோரும் ஒரே கோட்டில் நின்று ஒன்றாகப் பாயும் பந்தயம் இல்லை. பொதுப் போக்குவரத்தை நிறுத்தி மூடிய சாலைப் பகுதிகள் உண்டு. அவற்றுக்கு ஸ்பெஷல் ஸ்டேஜ் என்று பெயர். ஒவ்வொரு காரும் சில நிமிட இடைவெளியில் தனித்தனியாக அனுப்பப்படும். கடிகாரம்தான் எதிராளி. எல்லா ஸ்டேஜ்களின் நேரத்தையும் கூட்டி, குறைவாக எடுத்தவர் ஜெயிக்கிறார்.

ஒரு ஸ்டேஜ் முடிந்து அடுத்ததற்குப் போக, சாதாரணச் சாலையில், சாதாரண வேக வரம்புக்குள், பேருந்துக்கும் லாரிக்கும் பின்னால் போயாக வேண்டும். ஆகவே ராலி காருக்குப் பதிவெண் வேண்டும், இன்ஷூரன்ஸ் வேண்டும், விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் வேண்டும். சாலையில் ஓடத் தகுதியில்லாத இயந்திரம் ராலியில் ஓட முடியாது. இந்த ஒரு நிபந்தனை ராலி காரைக் கடையில் விற்கும் காரோடு கட்டிப்போட்டது.

ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருக்கும் கோ-டிரைவர் வழிகாட்டி மட்டும் இல்லை. உலக ராலி சாம்பியன்ஷிப்பில் போட்டிக்கு முன்னால் ஸ்டேஜை மெதுவாக இரண்டு முறை ஓட்டிப் பார்க்க அனுமதி உண்டு. முதல் முறை ஓட்டுநர் சொல்லச் சொல்லக் கோ-டிரைவர் எழுதுவார். இரண்டாம் முறை சரிபார்ப்பார்கள். இதுதான் பேஸ் நோட். நம் மலைப்பாதையின் ஒரு துண்டை அப்படி எழுதினால் இப்படி வரும்: "80. வலது 4, உள்ளே வெட்டாதே, கல். 40. ஹேர்பின் இடது, ஓரத்தில் மண், வெளியே வரும்போது விரியும்." முதல் எண் மீட்டர் கணக்கில் தூரம், அடுத்தது வளைவின் கூர்மை. பல ஓட்டுநர்கள் 1 முதல் 6 வரை எண் வைத்திருப்பார்கள், 1 மிகக் கூர்மை, 6 கிட்டத்தட்ட நேர்கோடு. சிலர் தலைகீழாக வைப்பார்கள். கார் ஒரு வளைவில் இருக்கும்போது கோ-டிரைவர் அடுத்ததைப் படித்துக்கொண்டிருக்க வேண்டும். அரை நொடி பிந்தினால் அந்தக் குறிப்பு வீண்.

பேஸ் நோட்டும் மூடிய சாலையும் இல்லாமல் ஒரு ராலி ஓட்டுநரே அந்த வேகத்தில் போகமாட்டார். பொதுமக்கள் ஓடும் ஏற்காட்டுப் பாதையில் ராலி போல ஓட்டிப்பார்ப்பது அடிப்படையே தெரியாத வேலை. எதிரே சுற்றுலாப் பேருந்து முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பிக்கொண்டிருக்கும், அதைச் சொல்ல எந்தக் குறிப்பும் கையில் இருக்காது.

எண்ணிக்கை விதி பெற்ற பிள்ளைகள்

ராலி ரசிகர்கள் கொண்டாடும் சாலைக் கார்கள் எல்லாம் ஏதோ ஒரு நிறுவனத்தின் தாராள மனதால் வந்தவை இல்லை. விதிப்புத்தகத்தில் இருந்த ஓர் எண்ணால் வந்தவை. போட்டியில் ஒரு காரை இறக்க வேண்டுமானால், அதே மாதிரியை இத்தனை எண்ணிக்கையில் தயாரித்திருக்க வேண்டும். இந்த அங்கீகாரத்துக்கு ஹோமோலோகேஷன் என்று பெயர்.

1970களில் குரூப் 4 என்ற போட்டிப் பிரிவின் விதிக்காக 500 கார் என்ற கணக்கில் பிறந்தது லான்சியா ஸ்ட்ராட்டோஸ். ஃபெராரி டீனோவின் 2.4 லிட்டர் வி6 எஞ்சினை ஓட்டுநர் முதுகுக்குப் பின்னால் வைத்துக் கட்டிய குட்டையான கார். ராலிக்காகவே வரைந்து, பிறகு சாலைக்குக் கொண்டுவரப்பட்டது. 1974, 75, 76 மூன்று வருடமும் உற்பத்தியாளர் பட்டம் அதற்கே.

1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் ஆடி குவாட்ரோ வந்தது. அதுவரை நான்கு சக்கர இயக்கம் என்றால் ஜீப், டிராக்டர் என்றுதான் நினைப்பு. கனம் கூடும், திரும்பாது என்று ஒதுக்கியிருந்தார்கள். ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினின் சக்தியை நான்கு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுத்தபோது, மண்ணிலும் பனியிலும் இரண்டு சக்கரக் கார்கள் சுழன்றுகொண்டிருந்த இடத்தில் அது இழுத்துக்கொண்டு போனது. 1981 சான் ரெமோ ராலியில் மிஷேல் மூட்டோன் அந்தக் காரில் ஜெயித்தார். உலக ராலி ஒன்றை வென்ற முதல் பெண் அவர். 1983இல் லான்சியா 037 பட்டம் வென்றதோடு, பின்சக்கர இயக்கக் கார் உற்பத்தியாளர் பட்டம் வெல்வது முடிந்துபோனது.

குரூப் பி விதி 1982இல் வந்தது. 200 கார் செய்தால் போதும். எண்ணிக்கை இவ்வளவு குறைந்தால் என்ன நடக்கும்? சாலைக் கார் என்ற பேச்சு வெறும் சாக்காகிவிடும். பெஜோ 205 டி16, லான்சியா டெல்டா எஸ்4 எல்லாம் கடைக் காரின் முகமூடி போட்ட, எஞ்சின் நடுவில் இருந்த அசல் பந்தய இயந்திரங்கள். டெல்டா எஸ்4இன் எஞ்சின் அளவு 1,759 சி.சி. ஏன் இந்த விசித்திர எண்? டர்போ இருந்தால் கொள்ளளவை 1.4ஆல் பெருக்கிக் கணக்கிடுவார்கள். 1,759 × 1.4 = 2,462.6. ஆக 2,500 சி.சி.க்குக் கீழான பிரிவில் நின்று, குறைந்த எடை வரம்பில் ஓடலாம். அந்த எஞ்சினில் குறைந்த சுற்றுக்கு, எஞ்சினே சுழற்றும் சூப்பர்சார்ஜர், அதிக சுற்றுக்கு டர்போ என்று இரண்டும் இருந்தன. டர்போ தாமதத்தை ஒழிக்க அன்று கண்ட வழி அது.

வேகம் சாலையின் தாங்கு சக்தியை மீறிப் போனது. 1986 போர்ச்சுகல் ராலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் இறந்தார்கள். மே 2ஆம் தேதி கோர்சிகாவில் ஹென்ரி டொய்வோனனும் கோ-டிரைவர் செர்ஜியோ கிரெஸ்டோவும் எஸ்4 பள்ளத்தில் விழுந்து எரிந்ததில் உயிரிழந்தார்கள். அந்த வருடத்தோடு குரூப் பி முடிந்தது.

பேசிப்பேசித் தீராத காலம் அதற்கு அடுத்து வந்தது. குரூப் ஏ விதி 12 மாதத்தில் 5,000 கார் கேட்டது. பின்னர் அதை 2,500 ஆக்கினார்கள். அதைவிட முக்கியம், ராலி காரின் அடிப்படை அமைப்பு கடையில் விற்கும் காரில் இருந்தாக வேண்டும். பெரிய டர்போ வேண்டுமா? விற்கும் காரிலும் அதையே வை. சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் நல்ல டிஃபரென்ஷியல் வேண்டுமா? அதையும் வாடிக்கையாளருக்குக் கொடு. இந்த விதியால்தான் சம்பளக்காரர் கடன் வாங்கி வாங்கக்கூடிய கார்களில் ராலி பாகங்கள் வந்து சேர்ந்தன. 1987 முதல் 92 வரை ஆறு வருடம் தொடர்ந்து பட்டம் வென்ற லான்சியா டெல்டா, டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோர், 1992இல் வந்த சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ், அதே வருடம் வந்த மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன், ஃபோர்டு எஸ்கார்ட் ஆர்எஸ் காஸ்வொர்த் எல்லாம் அந்தக் குடும்பம். கொலின் மெக்ரே 1995இல் சுபாருவில் உலக சாம்பியன் ஆனார். டாமி மாக்கினென் 1996 முதல் 99 வரை நான்கு வருடம் எவல்யூஷனில்.

இதில் ஒரு நெருடலும் உண்டு. ராலிக்காக வைத்த பாகம் சாலைக்கு எப்போதும் நல்லது என்று சொல்ல முடியாது. எஸ்கார்ட் காஸ்வொர்த்தின் முதல் 2,500 கார்களில் ஹோமோலோகேஷனுக்காகப் பெரிய டர்போ வைத்தார்கள். ராலியில் அது தேவை. அன்றாடச் சாலையில் அது விழிப்பதற்குள் வளைவே முடிந்துவிடும். எண்ணிக்கை நிறைந்ததும், பின்னால் வந்த கார்களில் சிறிய டர்போ போட்டார்கள். அந்தக் கார்கள்தான் அன்றாடம் ஓட்ட இனிமையானவை. டொயோட்டா செலிகா ஜிடி-ஃபோரின் எஸ்டி205 தலைமுறை ஹோமோலோகேஷன் கார்களில், கீழே சொல்லப்போகும் ஆன்டி-லேக் அமைப்புக்கான குழாய்கள் இருந்தன, ஆனால் வேலை செய்யாதபடி முடக்கி வைத்திருந்தார்கள். விதிக்குக் குழாய் இருந்தால் போதும். வாங்கியவருக்கு அதனால் பயன் இல்லை.

டர்போவை விழிக்கவைப்பது

டர்போவின் வேலை எளிது. வெளியேறும் சூடான புகை ஒரு சக்கரத்தைச் சுழற்றும். அதே தண்டின் மறுமுனையில் உள்ள இன்னொரு சக்கரம் காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும். புகை குறைவாக இருக்கும்போது, அதாவது நீங்கள் வளைவுக்காக ஆக்ஸிலேட்டரை விட்டிருக்கும்போது, சக்கரம் வேகம் இழக்கும். மறுபடி மிதித்தால் அது வேகமெடுக்க நேரம் பிடிக்கும்.

ராலி கார் இதற்குக் கண்ட மருந்து ஆன்டி-லேக். ஆக்ஸிலேட்டரை விட்ட பிறகும் கொஞ்சம் காற்றும் எரிபொருளும் வெளியேற்றக் குழாய்க்குப் போய் அங்கேயே எரியும்படி செய்வார்கள். ஸ்பார்க் நேரத்தைத் தாமதப்படுத்துவதும் இதில் சேரும். அந்தத் தீ டர்போவைச் சுழலவிட்டபடியே இருக்கும். ராலி வீடியோக்களில் வளைவுக்கு முன்னால் வரும் பட்பட் வெடிச்சத்தம் இதுதான். சூடு அளவில்லாமல் ஏறும். டர்போவும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் சீக்கிரமே மாற்ற வேண்டிய உதிரிகளாகிவிடும். ராலி அணிக்கு அது கட்டுப்படியாகும். "பாப்ஸ் அண்ட் பேங்ஸ்" என்று சாலைக் காரில் எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றி (ரீமேப்) போடும் சத்தம் இதன் நகல் மட்டுமே. அதில் டர்போ அழுத்தம் கூடுவதில்லை, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர்தான் உருகும். அந்தப் பணத்தை டயரில் போடுவது மேல்.

அளவுக்கு மீறிய சக்தியைத் தடுக்க விதிப்புத்தகம் ரெஸ்ட்ரிக்டரைக் கொண்டுவந்தது. டர்போவுக்குக் காற்று போகும் வாயில் குறிப்பிட்ட விட்டமுள்ள ஒரு வளையம். 1990களின் நடுவிலிருந்து 34 மி.மீ. அந்தக் குறுகலில் காற்றின் வேகம் ஒலி வேகத்தைத் தொட்டதும், அதற்கு மேல் எவ்வளவு உறிஞ்சினாலும் கூடுதல் காற்று வராது. சக்தி 300 குதிரைத்திறனை ஒட்டி நின்றுவிடும். பொறியாளர்கள் அதிக சுற்றில் சக்தி தேடுவதை விட்டுவிட்டு, 3,000 சுற்றிலேயே பெரிய முறுக்குவிசை (டார்க்) கிடைக்கும்படி எஞ்சினை மாற்றினார்கள். இந்த வளையம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று: 1995 கேட்டலூனியா ராலியில் டொயோட்டாவின் கார்களில், வளையத்தைச் சுற்றிக் காற்று திருட்டுத்தனமாகப் போகும்படி செய்த அமைப்பு பிடிபட்டது. பிரித்துப் பார்த்தால் ஸ்பிரிங் தானாகப் பழைய நிலைக்கு வந்து, எல்லாம் ஒழுங்காக இருப்பதுபோல் காட்டும். அணிக்கு ஒரு வருடத் தடை.

நமக்கு இதில் நேரடிப் பயன் உண்டு. மலையில் ஓட்டக் கார் தேர்ந்தெடுக்கிறவர்கள் உச்சக் குதிரைத்திறனைப் பார்க்க வேண்டியதில்லை. முறுக்குவிசை எத்தனை சுற்றில் தொடங்குகிறது என்று பாருங்கள். 1,500 சுற்றிலேயே முழு முறுக்குவிசை தரும் கார் ஏற்காட்டில் சிரமப்படாது. இன்னொரு கணக்கு: சேலம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு அதைவிடச் சுமார் 1,100 மீட்டருக்கு மேல் உயரம். மேலே காற்றின் அடர்த்தி கீழே இருப்பதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் அந்தப் பங்கை இழக்கும், சேலத்தில் 80 குதிரைத்திறன் என்றால் மேலே 72 அளவுக்கு. டர்போ இருந்தால் அது கொஞ்சம் கூடுதலாக உழைத்து இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடும்.

உட்சக்கரம் ஏன் சுழல்கிறது

கார் திரும்பும்போது வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டும், உட்சக்கரம் குறைவாக. இந்த வித்தியாசத்தை அனுமதிக்கத்தான் டிஃபரென்ஷியல். சாதாரண டிஃபரென்ஷியலுக்கு ஒரு குணம்: இரண்டு சக்கரத்துக்கும் எப்போதும் ஒரே அளவு முறுக்குவிசைதான் கொடுக்கும். கொண்டை ஊசி வளைவில் எடை முழுக்க வெளிப்பக்கம் சாய்ந்து, உட்சக்கரம் லேசாகிவிடும். பிடிப்பில்லாத அந்தச் சக்கரம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுதான் வெளிச்சக்கரத்துக்கும் போகும். மீதி சக்தி உட்சக்கரம் சுழல்வதில் போய்விடும்.

லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல் இதைத் தடுக்கிறது. அடுக்குத் தகடுகளின் உராய்வால் வேலை செய்யும் வகை ராலியில் அதிகம். தகடுகளை அழுத்தும் சாய்வின் கோணத்தையும் தகடுகளின் எண்ணிக்கையையும் மாற்றி எவ்வளவு இறுக வேண்டும் என்று முடிவு செய்யலாம். டார்சென் வகை முழுக்கப் பற்சக்கரம், தேய்மானம் குறைவு, ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டே எழும்பினால் அது கைவிட்டுவிடும். சிலிக்கான் எண்ணெய் நிரப்பிய விஸ்கஸ் கப்ளிங் மென்மையானது, ஆனால் சக்கரம் கொஞ்சம் சுழன்ற பிறகே இறுகும்.

நான்கு சக்கர இயக்கத்தில் முன்பின் அச்சுகளுக்கு நடுவே மூன்றாவது ஒன்று வேண்டும். முதல் ஆடி குவாட்ரோவில் அதை ஓட்டுநர் கையால் பூட்டுவார். பூட்டினால் பிடிப்பு வரும், கார் திரும்ப மறுக்கும். 16 வால்வு லான்சியா டெல்டா இன்டெக்ராலே சக்தியை முன்னுக்கு 47, பின்னுக்கு 53 என்று பிரித்தது, பின் அச்சில் டார்சென் இருந்தது. 1996இல் வந்த நான்காம் எவல்யூஷனில் மிட்சுபிஷி பின் சக்கரங்களுக்கு இடையே சக்தியைக் கணினியால் மாற்றிக் கொடுக்கும் அமைப்பை வைத்தது. வளைவில் வெளிப் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகக் கொடுத்தால் கார் தானாக உள்பக்கம் திரும்பும். கனமான மூக்கோடு அந்தக் கார் அவ்வளவு லாவகமாகத் திரும்பியதன் ரகசியம் அது.

இன்று பல சாதாரணக் கார்களின் விவரப் பட்டியலில் "எலக்ட்ரானிக் டிஃபரென்ஷியல் லாக்" என்று பார்க்கலாம். அது அசல் டிஃபரென்ஷியல் பூட்டு இல்லை. சுழலும் உட்சக்கரத்தைப் பிரேக் பிடித்து நிறுத்தி, சக்தியை மறுபக்கம் அனுப்புகிறது. ஓரிரு வளைவுக்கு நன்றாக வேலை செய்யும். இருபது வளைவையும் அழுத்தி ஏறினால், ஏறும்போதே முன் பிரேக் சூடாகியிருக்கும்.

இறக்கத்தின் கணக்கு

ஏறுவதைவிட இறங்குவதில்தான் விபரீதம் அதிகம். ஆட்களோடு 1,300 கிலோ எடையுள்ள கார் 1,100 மீட்டர் உயரம் இறங்கினால், அதில் அடங்கிய ஆற்றல் சுமார் 14 மெகாஜூல். அறைச் சூட்டில் உள்ள 45 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் சூடு அது. நியூட்ரலில் இறங்கினால், காற்றுத் தடையும் டயர் உராய்வும் தின்பது போக மீதி எல்லாம் நான்கு பிரேக்குகளில்தான் சேர வேண்டும்.

மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் இறங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இன்றைய ஊசி வழி எரிபொருள் எஞ்சினில் கணக்கு தலைகீழ். கியரில் போட்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் எரிபொருள் முழுக்க நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்காக எரியும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்குவது இன்னும் ஆபத்து. பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துபோய், பிறகு மிதி கல்லாகிவிடும்.

பிரேக் இரண்டு விதமாகத் தோற்கும். இரண்டையும் காலாலேயே அடையாளம் காணலாம். மிதி உறுதியாக இருக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை என்றால் பேட் சூடாகி உராய்வை இழந்துவிட்டது. மிதி பஞ்சு போலாகித் தரைக்கே போகிறது என்றால் பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழி உண்டாகிவிட்டது. இரண்டாவதுதான் கொடியது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும், ஈரம் ஏறியபின் 155. டாட் 3க்கு 205, 140. டாட் 5.1க்கு 260, 180. நான்கைந்து வருடமாக மாற்றாத ஆயிலோடு, குடும்பத்தை ஏற்றிக்கொண்டு ஏற்காட்டிலிருந்து இறங்குவது எவ்வளவு ஆபத்து என்று இந்த எண்களே சொல்லும். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள். செலவு ஒரு டயரின் விலைகூட வராது.

ராலி கார் சூட்டைச் சமாளிப்பது இரும்பின் அளவாலும் காற்றாலும். முதன்மைப் பிரிவுக்கு அடுத்த படியான ராலி2 பிரிவுக் கார்களில் மண் சாலைக்கு 300 மி.மீ. டிஸ்க், தார்ச் சாலைக்கு 355 மி.மீ. மண்ணில் சிறிய சக்கரம் போட வேண்டியிருப்பதால் டிஸ்க்கும் சிறிது. ராலியிலிருந்து பிறந்த டொயோட்டா ஜிஆர் யாரிஸில் முன்பக்கம் 356 மி.மீ. டிஸ்க். அந்த அளவு சிறு காருக்கு இது அசாதாரணம். ஆனால் பந்தயப் பேடைச் சாலைக் காரில் போடாதீர்கள். அது சூடானால்தான் கடிக்கும். காலையில் ஏற்காட்டு லூப் ரோட்டுக் குளிரில் முதல் மிதிக்கு வண்டி நிற்காது.

குட்டையாக்கிய ஸ்பிரிங்

மண் ஸ்டேஜில் சக்கரம் மேலும் கீழும் போய்வரும் தூரத்தை நிறைய வைப்பார்கள். பள்ளத்தில் விழுந்தாலும் டயர் தரையை விடக்கூடாது. தரையை விட்ட டயரால் திரும்பவும் முடியாது, நிற்கவும் முடியாது. ஷாக் அப்சார்பருக்குத் தனி ஆயில் குடுவை வைப்பது, ஓயாத அடியில் ஆயில் சூடாகி நீர்த்துப்போகாமல் இருக்க. எஞ்சினுக்குக் கீழே தடித்த அலுமினியத் தகடு, கல் அடித்தால் ஆயில் சம்ப் உடையாமலிருக்க.

நம் ஊர்ப் பட்டறைகளில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. பார்வைக்கு ராலி கார் போல இருக்க வேண்டும் என்று காயில் ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைக் குட்டையாக்குகிறார்கள். ஸ்பிரிங் சுருங்க இருக்கும் தூரம் குறைந்துவிடும். வளைவின் நடுவில் ஒரு சின்ன மேடு வந்தால் சஸ்பென்ஷன் ரப்பர் தடையில் முட்டி, அந்தக் கணத்தில் டயரின் பிடிப்பு அறுந்துவிடும். பாறைச்சுவருக்கும் பள்ளத்துக்கும் நடுவில் அப்படி ஆகக் கூடாது. ஷாக் அப்சார்பரில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை மாற்றுவது எந்த அலங்காரத்தையும்விட அதிகப் பலன் தரும்.

அறுந்த தொடர்பும் மீண்டதும்

1997இல் வேர்ல்டு ராலி கார் என்ற புது விதி வந்தது. சாதாரண முன்சக்கர இயக்கக் காரை எடுத்து, நான்கு சக்கர இயக்கமும் டர்போவும் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம், அவற்றைக் கடையில் விற்கத் தேவையில்லை. போட்டிக்குள் நிறைய நிறுவனங்கள் வந்தன. ஆனால் எவல்யூஷன் மாதிரியான கார்களைச் செய்தே ஆக வேண்டிய கட்டாயம் போய்விட்டது. ராலிக்கு நல்லது, கார் பிரியர்களுக்கு இழப்பு.

2020 ஜனவரியில் டொயோட்டா ஜிஆர் யாரிஸை அறிமுகம் செய்தபோது ஏற்பட்ட பரபரப்புக்கு இதுதான் காரணம். 1.6 லிட்டர், மூன்றே சிலிண்டர், டர்போ, கார்பன் ஃபைபர் கூரை, ஓட்டுநர் விருப்பப்படி சக்தியை முன்பின் 60:40, 30:70, 50:50 என்று பிரிக்கும் நான்கு சக்கர இயக்கம். இந்த உடல் அமைப்பை வைத்துத் திட்டமிட்ட முதன்மைப் பிரிவு ராலி கார் கொரோனா காலத்தில் கைவிடப்பட்டது. சாலைக் கார் மட்டும் தப்பித்தது. அதன் ராலி2 வடிவம் 2024இல் உலக ராலியில் இறங்கியது.

இந்தியாவில் இந்தக் குடும்பத்துக் கார்கள் குறைவு. பத்தாம் எவல்யூஷன் இங்கே சிறு எண்ணிக்கையில் விற்றது. நம் தேசிய ராலியை வளர்த்தவை எளிய கார்கள்தாம்: ஜிப்சி, எஸ்டீம், பலேனோ, சீடியா, போலோ. லீஃப் ஸ்பிரிங்கும் 1.3 லிட்டர் எஞ்சினும் கொண்ட ஜிப்சிக்குத் தனிப் பிரிவே இருந்தது. கோவைக்கு அருகே காற்றாலைகளுக்கு நடுவிலான மண் சாலைகளில் ராலி நடப்பதால், சேலத்துக்காரர்களுக்கு நேரில் பார்க்க அதிக தூரம் போக வேண்டியதில்லை. கௌரவ் கில் ஸ்கோடா ஃபாபியாவில் 2013, 2016, 2017 என மூன்று முறை ஆசிய பசிபிக் ராலி பட்டம் வென்றார். 2019இல் அர்ஜுனா விருது பெற்றார். மோட்டார் பந்தயத்துக்காக அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை.

மலை ஏறும் முன்னும் இறங்கிய பின்னும்

ஸ்டேஜ்களுக்கு நடுவே கார்களைப் பழுது பார்க்கும் இடமான ராலி சர்வீஸ் பார்க்கில் மெக்கானிக்குகள் பார்க்கும் விஷயங்களில் பாதியை நாமும் பார்க்கலாம். டயர் பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் வருடமும்: 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆம் வாரம். ஐந்தாறு வருடம் தாண்டிய டயரில் பட்டைப் பள்ளம் (டிரெட்) ஆழமாக இருந்தாலும் ரப்பர் இறுகி, மழையில் பிடிக்காது. சட்டம் 1.6 மி.மீ. ஆழத்தை ஏற்கும். சில்வர் ஓக் இலை நனைந்து கிடக்கும் சாலைக்கு 3 மி.மீ.க்குக் கீழே போக வேண்டாம். காற்றழுத்தத்தைச் சேலத்திலேயே குளிர்ந்த டயரில் சரிபாருங்கள். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜில் இரண்டு பிஎஸ்ஐ வரை கூடும், குளிரால் ஒன்றுக்கு மேல் குறையும், கிட்டத்தட்டச் சரியாகிவிடும். மேலே போய்க் காற்றை இறக்க வேண்டாம்.

இறங்கும்போது, ஏறிய அதே கியர். பெரும்பாலும் இரண்டாவது. ஆட்டோமேட்டிக் என்றால் எல் அல்லது மேனுவல் நிலையில் கீழ் கியரைப் பிடித்து வையுங்கள். பிரேக்கை லேசாக மிதித்துக்கொண்டே இருக்காமல், வளைவுக்கு முன் நேராக இருக்கும்போதே உறுதியாக மிதித்து வேகத்தைக் குறைத்து, விட்டுவிடுங்கள். விட்டிருக்கும் நேரத்தில்தான் டிஸ்க் ஆறும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது விதி. வாசனை வந்தால் அகலமான இடத்தில் ஒதுங்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, இருபது நிமிடம் நில்லுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணிவிடும் அல்லது வெடித்துவிடும். கிளம்பும்போது அந்தக் கல்லை ஓரத்தில் போட்டுவிட்டுப் போங்கள், பின்னால் பைக்கில் வருகிறவர் அதில் ஏறக்கூடாது.

அடிவாரம் வந்ததும் ஒரு நிமிடம் செலவழியுங்கள். தொடாமல், சக்கரத்துக்கு அருகே உள்ளங்கையைக் காட்டி நான்கின் சூட்டையும் ஒப்பிடுங்கள். முன் இரண்டும் பின் இரண்டைவிடச் சூடாக இருப்பது இயல்பு. ஆனால் முன்னால் வலதும் இடதும் ஒன்றுபோல் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் கொதிக்கிறது என்றால், பெரும்பாலும் அந்தப் பக்கம், பேடை அழுத்தும் காலிப்பர் சறுக்கி நகரும் கம்பி (ஸ்லைடு பின்) துருப்பிடித்து மாட்டிக்கொண்டிருக்கிறது, பேட் டிஸ்க்கை விடாமல் உரசுகிறது. பின்னைக் கழற்றி, துருவைத் துடைத்து, சிலிக்கான் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். சாதாரண கிரீஸ் வேண்டாம், அது ரப்பர் உறையை ஊதவைத்து, பின்னை மறுபடி மாட்டவைக்கும்.